3 அடி கடல் மீன் தொட்டிக்கு எந்த லைட்? ஃபால்ஸ் சீலிங்கில் தொங்கவிடலாமா?

தொட்டிக்கிறுக்கன் (சென்னை):

வணக்கம் மக்களே. நன்னீர்த் தொட்டி, செடி வளர்ப்பு என்று பல வருஷம் ஓட்டியாகிவிட்டது, இப்போதுதான் கடல் தொட்டிக்கு வந்திருக்கிறேன். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே கேபினெட்டுக்குள் சம்ப் (வடிகட்டும் கீழ்த்தொட்டி), தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரும் சைக்கிள் முடிந்து நைட்ரைட் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, ஒரு ஜோடி கோமாளி மீன் விட்டிருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகின்றன. அடுத்து கோரல், அதாவது பவளம்: மஷ்ரூம், சோவாந்தஸ், ஒரு லெதர். அவை தேறினால் ஆசைக்கு ஒரு ஹேமர் கோரல்.

இப்போது மேலே கிடப்பது பழைய செடித் தொட்டி லைட். அலுமினிய பாடி, வெறும் வெள்ளை வெளிச்சம். இது கோரலுக்கு ஆகாது என்று கொளத்தூரில் எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள், எது ஆகும் என்று கேட்டால்தான் கடைக்கு ஒரு பதில். ஒருத்தர் 165 வாட் கருப்புப் பெட்டி எல்இடி ஒன்று போதும் என்கிறார். இன்னொருத்தர் அதைத் தொடாதே, பிராண்டட் லைட் வாங்கு என்கிறார், அதன் விலையில் எனக்கு இன்னொரு தொட்டியே வந்துவிடும். இதற்கு நடுவில் ஊரை விட்டுப் போகும் நண்பர் ஒருத்தர் நாலு குழல் டி5 (மெல்லிய டியூப் லைட்) ஃபிக்ஸ்சரைச் சும்மாவே தருகிறேன் என்கிறார்.

சரி, எத்தனை வாட் வேண்டும்? தொங்கவிடுவதென்றால் ஹாலில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், பக்கத்துச் சுவர் புது அபார்ட்மென்ட்டில் வரும் அந்த லேசான வெள்ளைக் கல். தொட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுத்தான் எல்லாம் ஓடுகிறது. கரண்ட் போனால் லைட்டும் இன்வெர்ட்டரில் ஓட வேண்டுமா?

இன்னொரு சின்ன விஷயம். ஒரு கை தண்ணீருக்குள் இருக்கும்போது இன்னொரு கையால் லைட்டை நகர்த்தினால் லேசாகச் சுரீர் என்கிறது. உப்புத் தண்ணீருக்கு இது சகஜம் என்று கடைக்காரர் சொன்னார். அம்மா தொட்டிப் பக்கமே வருவதில்லை.

நீலவெளிச்சம் (கோவை):

வாட்டைக் கேட்டு லைட் வாங்குவதை முதலில் விடுங்க. சோறு எப்படி வெந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அடுப்பு எவ்வளவு கேஸ் குடித்தது என்று கேட்பது போலத்தான் அது. அந்த 165 வாட் பெட்டியே பிளக்கில் அளந்து பார்த்தால் 110, 120 வாட்தான் இழுக்கும். உள்ளே 55 எல்இடி, ஒவ்வொன்றும் 3 வாட் என்று பெருக்கி அட்டையில் அடித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

கோரலின் சதைக்குள் ஒட்டி வாழும் பாசிக்குத்தான் வெளிச்சம் வேண்டும், அது சமைத்துத் தருவதைத்தான் கோரல் பெரும்பாலும் சாப்பிடுகிறது. அந்தப் பாசிக்கு எட்டும் வெளிச்சத்தைப் பிஏஆர் என்ற அளவில் பார்ப்போம். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எவ்வளவு விழுகிறது என்பதே அது. உச்சி வெயிலில் கடல் மேற்பரப்பில் 2000 வரை போகும். நம் தொட்டிக்கு அதெல்லாம் தேவையே இல்லை. மஷ்ரூமுக்கு 50 முதல் 100 போதும், சோவாந்தஸுக்கும் லெதருக்கும் 80 முதல் 150. அக்ரோபோரா மாதிரி கல் கோரல்தான் 250, 350 என்று கேட்கும். அதை நீங்கள் வைக்கப் போவதில்லை, அப்புறம் எதற்கு அந்த விலை?

அதனால் உங்களுக்கு வேண்டியது பலமான லைட் இல்லை, பரவலான லைட். 3 அடித் தொட்டிக்கு நடுவில் ஒரு பெட்டியை மாட்டினால் நேர் கீழே 200-க்கு மேல் எகிறும், இரண்டு ஓரத்திலும் 40 கூட வராது. நடுவில் இருக்கும் மஷ்ரூம் சுருங்கி வெளுக்கும், ஓரத்தில் இருக்கும் சோவாந்தஸ் கழுத்தை நீட்டி நீட்டி வெளிச்சம் தேடும். ஒன்றை 80 சதவீதத்தில் ஓட்டுவதை விட இரண்டு சின்ன லைட்டை 40 சதவீதத்தில் ஓட்டுவது எவ்வளவோ மேல். ஒரு பாறையின் நிழலுக்குள் இன்னொரு லைட்டின் வெளிச்சம் போய் விழும், ஃபேனும் அலறாது, ஒன்று பழுதானால் இன்னொன்று தாங்கும். தண்ணீர் மட்டத்திலிருந்து 25, 30 சென்டிமீட்டர் உயரம் வையுங்க. லென்ஸ் 90 டிகிரியா 120 டிகிரியா என்று பாருங்க, ஒன்றரை அடி ஆழத்துக்கு 120 தாராளம்.

நிறம் என்று வந்தால் நீலம்தான் முக்கியம், 420 முதல் 460 வரை. கடலில் சிவப்பு முதல் சில மீட்டரிலேயே கரைந்துவிடுகிறது, ஆழத்தில் நீலம்தான் மிச்சம், கோரல் பாசி அதற்குப் பழகினது. வெள்ளை நம் கண்ணுக்காகக் கொஞ்சம் போதும். நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியாத லைட்டை வாங்காதீங்க. பச்சை, சிவப்பு எல்லாம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதிகம் ஏற்றினால் தொட்டியில் வேண்டாத பாசி மண்டுகிறது என்பது என் அனுபவம்.

போனில் லக்ஸ் ஆப் போட்டு அளக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, நீலத்தை ரொம்பக் குறைத்துக் காட்டும். எந்த மூலை மங்கல் என்று ஒப்பிட மட்டும் உதவும்.

புது லைட் மாட்டிய அன்றைக்கே முழு வேகத்தில் விடாதீங்க. நீலம் 30, வெள்ளை 10 சதவீதத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றுங்க. மொத்தம் 8 முதல் 10 மணி நேரம், காலையில் மெதுவாக ஏறி மாலையில் மெதுவாக இறங்கட்டும். வெளிச்சம் குறைந்தால் கோரல் பழுப்பாகும், அதைத் திருத்த நேரம் கிடைக்கும். கூடிப்போய் வெளுத்தால் நிறைய கோரல் திரும்பாது.

திருச்சி வயர்மேன்:

தம்பி, லைட் கதையெல்லாம் அப்புறம். அந்தச் சுரீர் சகஜம் இல்லை. இதைப் படித்ததும் லைட் பிளக்கைப் பிடுங்கு. சரிபார்க்கும் வரை எதுவும் ஓடும்போது தண்ணீருக்குள் கை விடாதே.

ஒரு கை தண்ணீரில், ஒரு கை லைட் பாடியில் என்றால் கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் போகும். உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் கரண்டைத் தடுக்காது, விரலில் ஒரு கீறல் இருந்தால் இன்னும் மோசம்.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். எல்இடி சப்ளைக்குள் ஃபில்டர் என்று இரண்டு சின்ன கெபாசிட்டர் இருக்கும், பேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் எர்த்தில் போய்ச் சேரும். எர்த் வயர் சரியாக இருந்தால் அதில் கசியும் துளி கரண்ட் அப்படியே பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் மெட்டல் பாடி பாதி வோல்ட்டேஜில், அதாவது 115 வோல்ட் பக்கம் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும், தொட்டால் சுரீர் என்னும். இது நல்ல சாத்தியம். உள்ளே உப்பு ஏறி இன்சுலேஷன் போயிருந்தால் அது கெட்ட சாத்தியம். தொடுகிற கைக்கு இரண்டும் ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால்தான் சகஜம் என்று விடக்கூடாது.

முதலில் அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவரிலிருந்து கழற்றித் திறந்து பார். மலிவுப் பெட்டிகளில் மேலே மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே வயர் இரண்டுதான் வரும். அடுத்து சுவர் பாயிண்ட். எலக்ட்ரீஷியனை வைத்து பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்கச் சொல். மல்டிமீட்டர் முனையைத் தண்ணீரில் விட்டு 30, 40 வோல்ட் காட்டுகிறது என்று பதறுபவர்களும் உண்டு. டிஜிட்டல் மீட்டர் பக்கத்து வயரிலிருந்து தூண்டப்படும் வோல்ட்டையும் காட்டும், அதை வைத்து மட்டும் லீக் என்று முடிவு கட்ட முடியாது. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி எதனால் மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்து டிபி பாக்ஸ், அதாவது வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி. எம்சிபி (லோடு கூடினால் விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று சொல்லாதே. எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. உனக்கு வேண்டியது 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி. போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமாக இல்லையென்றால் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டும். எலக்ட்ரானிக் லோடு என்பதால் டைப் ஏ என்று கேட்டு வாங்கு, கடையில் எடுத்ததும் தருவது டைப் ஏசி. இன்னொன்று, வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி இருந்தால் நீ ஊருக்குப் போன அன்று கீசர் டிரிப் ஆகி பம்ப்பும் நின்றுவிடும். அதனால் தொட்டிக்கு என்று தனி ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் சேர்ந்தது) இரண்டு போடு, லைட்டுக்கு ஒன்று, பம்ப்புக்கு ஒன்று. லைட்டில் கோளாறு வந்தால் லைட் மட்டும் அணையும், மீனுக்குக் காற்று நிற்காது. அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தரம் அழுத்து. கிரவுண்டிங் புரோப் (தண்ணீரை எர்த்தோடு இணைக்கும் கம்பி) போடலாமா என்று அடுத்துக் கேட்பாய். ஆர்சிசிபி போட்ட பிறகு போடு. அது இல்லாமல் புரோப் மட்டும் போட்டால் லீக்குக்கு நிரந்தரமாக ஒரு வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், எதுவும் டிரிப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிளக், அடாப்டர், டிரைவர் எதுவும் கேபினெட் தரையில் கிடக்கக் கூடாது. கரண்ட் போய்ப் பம்ப் நிற்கும்போது மேல் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும், கணக்குத் தப்பினால் வழியும். கேபினெட்டுக்கு வெளியே, சம்ப்பை விட உயரத்தில், பக்கவாட்டில் திருகி மாட்டு. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு தொங்கல் போட்டுக் கீழே இறங்கி மேலே ஏறட்டும், வயர் வழியாக வரும் சொட்டு அந்தத் தொங்கலிலேயே விழுந்துவிடும். உப்புப் பொரிந்த பிளக்கை ஈரத்துணியால் துடைக்காதே, பிடுங்கிக் காயவைத்து உலர்ந்த துணியால் துடை.

ஃபால்ஸ் சீலிங் ஜிப்சத்தில் ஒரு கிராம்கூடத் தொங்கவிடாதே. மேலே கான்கிரீட் ஸ்லாப் வரை போய் ஆங்கர் அடித்தால்தான் சரி, அதற்கும் ஸ்லாப்புக்குள் ஃபேன் பாயிண்டுக்குப் போகும் பைப் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் டிரில் போடக்கூடாது. நீ சொல்லும் வெள்ளைக் கல் ஏஏசி பிளாக், திருகுக்குச் சுவரில் அடிக்கும் சாதாரண பிளக் அதில் பிடிக்காது, கொஞ்ச நாளில் பொடியாக உதிர்ந்து ஆடும். என்னைக் கேட்டால் சீலிங்கையும் சுவரையும் விட்டுவிடு. கேபினெட்டின் பின்பக்கம் இரண்டு அலுமினிய சதுரக் குழாயைப் போல்ட் போட்டு நிறுத்தி, மேலே குறுக்குக் குழாய் கொடுத்து அதில் மாட்டு. ஒவ்வொரு லைட்டுக்கும் மாட்டும் கம்பி தவிர தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பி இருக்கட்டும். தொட்டிக்கு மேலே வரும் போல்ட்டெல்லாம் 316 ஸ்டெயின்லெஸ், ஜிஐ துருப்பிடித்துச் சொட்டும். பித்தளைக் கிளாம்ப் வேண்டவே வேண்டாம், செம்பு கலந்தால் இறால், கோரல் எல்லாம் காலி.

இன்வெர்ட்டரில் தண்ணீரை அலையடிக்க வைக்கும் வேவ்மேக்கரையும் ரிட்டர்ன் பம்ப்பையும் மட்டும் போடு, சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் பம்ப் முனகாது. சில மணி நேரம் இருட்டில் கோரல் சாகாது.

முத்துநகர்க்காரன் (தூத்துக்குடி):

லைட்டை முடிவு பண்ணும் முன் ஒரு விஷயம். ஹேமர் கல் கோரல் வகை. இந்தியாவில் கல் கோரல் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கிறது, 2001-ல் சேர்த்தார்கள். புலிக்கு எந்த அட்டவணையோ அதே அட்டவணை. கடல் விசிறி, கருங்கோரல், நெருப்புக் கோரல் எல்லாம் அதில் உண்டு. உயிரோடு இருந்தாலும் செத்த கல்லாக இருந்தாலும் ஒன்றுதான், அதனால் லைவ் ராக் (பாக்டீரியா ஏறிய கடல் கல்) என்று மன்னார் வளைகுடாப் பக்கத்திலிருந்து பெட்டியில் வரும் கல்லையும் வாங்காதீங்க. 21 தீவும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. செராமிக் கல் போட்டு பாக்டீரியா ஏற்றினாலே வேலை நடக்கும்.

மஷ்ரூம், சோவாந்தஸ், லெதர் மூன்றும் கல் கோரல் கிடையாது. அவற்றுக்கும் எங்கிருந்து வந்தது என்று ரசீதோடு கேட்டு வாங்குங்க.

அதனால் மேலே கோவைக்காரர் சொன்ன 80 முதல் 150 என்ற கணக்கே உங்களுக்கு முடிவான கணக்கு. நாளைக்குப் பெரிய கோரல் வைப்பேன் என்று பெரிய லைட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அந்தக் காசில் தண்ணீரைக் குளிர வைக்கப் பாருங்க. எங்கள் கடலில் 2016-ல் கோரல் வெளுத்தது சூட்டால்தான், 30, 31 டிகிரி தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். சென்னை மே மாதத்தில் ஹால் தொட்டித் தண்ணீர் அதைச் சர்வசாதாரணமாகத் தொடும். சூடும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் சேதம் அதிகம், அதனால் ஏசி ஓடாத நாளில் லைட்டைப் பாதியாகக் குறைத்துவிடுங்க.

செங்காங் ரீஃப் (சிங்கப்பூர்):

டி5-ஐ யாருமே கண்டுகொள்ளவில்லையே! சும்மா கிடைக்கிறது என்றால் நான் விடமாட்டேன். பரவலான வெளிச்சம்தான் வேண்டும் என்றால் குழல் லைட்டை அடிக்க எல்இடியால் இன்றைக்கும் கஷ்டம், நிழலே விழாது. 3 அடி என்றால் 39 வாட் குழல் நாலு, மூன்று நீலம் ஒரு வெள்ளை போட்டால் சாஃப்ட் கோரல் குஷியாக வளரும். நான் வைத்திருப்பது நடுவில் எல்இடி, இரண்டு பக்கமும் டி5.

ஆனால் இரண்டு விஷயம் யோசிக்கணும். குழலை 9 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், கண்ணுக்கு நன்றாக எரிவது மாதிரியே தெரியும், உள்ளே நிறம் மாறியிருக்கும். பாதரசம் இருப்பதால் உலகம் முழுக்கவே குழல் லைட்டை நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். ஐரோப்பாவில் 2023 ஆகஸ்ட்டில் சாதாரண டி5 குழலைச் சந்தைக்கு விடுவதை நிறுத்தியாச்சு. மீன் தொட்டிக் குழல் இன்னும் கிடைக்கிறது, எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. அடுத்தது சூடு. இங்கே நிறைய பேர் சில்லர் வைத்திருப்பதால் எனக்குத் தெரியவில்லை, சென்னைக்கு 156 வாட் குழல் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே என்றால் யோசிக்கத்தான் வேணும். டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் அடிக்க விட்டால் இரண்டு டிகிரி குறையும், ஆனால் புழுக்கமான நாளில் அதுவும் வேலை செய்யாது. ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கணும், இல்லையென்றால் உப்பு ஏறிவிடும்.

வயர்மேன் அண்ணன் சொன்ன ஆர்சிசிபி இங்கே 1985-லிருந்து புது வீடுகளுக்குக் கட்டாயம், பழைய வீடுகளுக்கும் 2025 ஜூலை கெடு வைத்தார்கள். மீன் தொட்டி வைத்தவர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் சோவாந்தஸ் வெட்டும்போது, கல்லைத் தேய்க்கும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். அதில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. அந்தக் கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்து, ஆவியை மூச்சில் இழுத்து, குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் இருக்கின்றன.

தொட்டிக்கிறுக்கன்:

எல்லோருக்கும் நன்றி. திருச்சி அண்ணே, பெட்டியைத் திறந்தேன். எர்த் ஓட்டைக்குப் பின்னால் பித்தளைத் தகடு பளபளவென்று இருக்கிறது, அதில் ஒரு வயரும் இல்லை. வந்தது இரண்டு கோர் வயர்தான். சுவர் பாயிண்டில் எர்த் நன்றாக இருப்பதாக எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்னார், லைட்டை நேராக அதில் போட்டு டெஸ்டர் வைத்தால் எரியவே இல்லை. டிபி பாக்ஸில் இடம் இருந்தது, ஆர்சிபிஓ இரண்டும் மாட்டியாச்சு. டைப் ஏ கடையில் இல்லை, சொல்லி வரவழைக்க வேண்டியிருந்தது.

ஹேமர் ஆசையை விட்டுவிட்டேன். இரண்டு சின்ன எல்இடி, கேபினெட்டிலிருந்து அலுமினிய ஃபிரேம் என்று முடிவு. டி5 வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன், செங்காங் அண்ணன் கோபிக்க வேண்டாம். கடைசியாக இரண்டு சந்தேகம்: மேலே கண்ணாடி மூடி போடலாமா? பிஏஆர் மீட்டர் விலையைப் பார்த்தால் லைட்டை விட அதிகம், அது இல்லாமல் சமாளிக்க முடியுமா?

திருச்சி வயர்மேன்:

அந்தப் பெட்டியை வேறு ரூமுக்கு மாற்றாதே, வயரை வெட்டித் தூக்கிப் போடு. டைப் ஏ தேடி வாங்கினது நல்ல வேலை.

நீலவெளிச்சம்:

மூடிக்குக் கண்ணாடி வேண்டாம். சுத்தமான கண்ணாடியே பத்து சதவீதம் வரை வெளிச்சத்தைத் தின்னும், உப்புத் திட்டு படிந்தால் கணக்கே இல்லை, காற்றும் அடைபட்டுத் தண்ணீர் சூடாகும். மீன் குதிக்காமல் இருக்க ஃபிரேமில் கட்டின நைலான் வலை போதும். கண்ணாடி இல்லாததால் லைட்டுக்கு நேராகத் தெறிக்காத மாதிரி வேவ்மேக்கரைத் திருப்பி வையுங்க, லென்ஸை வாரம் ஒரு முறை அணைத்துவிட்டுத் துடையுங்க. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் லைட் அவர்கள் கண் மட்டத்தில் நேராக அடிக்காத மாதிரி ஓரத்துக்கு ஒரு மறைப்பு கொடுங்க.

மீட்டரை வாங்கவேண்டாம். கிளப்பிலோ தெரிந்த தொட்டிக்காரரிடமோ ஒரு நாளுக்கு இரவல் வாங்குங்க, வாடகைக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நீலத்தைச் சரியாகப் படிக்கிற புது சென்ஸாரா என்று கேளுங்க, பழைய மாடல்கள் நீலத்தைக் குறைத்துக் காட்டும். காற்றில் அளக்காமல் தண்ணீருக்குள், கோரல் உட்காரும் இடத்தில், மீட்டரை மேல் நோக்கி வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்க. லைட் சதவீதத்தையும் பக்கத்திலேயே எழுதுங்க, அப்புறம் மீட்டர் தேவைப்படாது.

அதுவும் கிடைக்கவில்லையென்றால் எல்லாக் கோரலையும் முதலில் மணல் மட்டத்தில் வைத்து, ஒரு மாதம் போன பிறகு சோவாந்தஸை மட்டும் ஒரு படி மேலே ஏற்றுங்க. லெதர் சில நாள் மூடிக்கொண்டு மேலே மெழுகு மாதிரி படலம் கட்டும், அது தோல் உரிப்பது. அதைப் பார்த்துவிட்டு லைட்டைத் திருகாதீங்க, தண்ணீர் ஓட்டத்தை மட்டும் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பிவிட்டால் படலம் தானாகக் கழன்றுவிடும்.